தொண்ணூற்றாறு வீதம் பொருத்தம்

படத்தைக் கொடுத்தால் ஆளைத் தேடித் தரும் புதிய இணையத்தளம் ஒன்றைச் சோதித்துப் புள்ளி போடுவதுதான் றிபாஸின் வேலை. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு அறிக்கை அனுப்புவான். வாயை மூடிக்கொண்டு அதை மட்டும் செய்திருக்கலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. பிள்ளை பிடிகாரன் என்று ஒரு கண்காணிப்புக் கமராப் படம் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. வெள்ளைத் தொப்பி, தாடி, மங்கலான முகம். றிபாஸ் அதைத் தளத்தில் போட்டான். பாலமுனை மீன் வியாபாரி கலந்தரின் படம் வந்தது. தொண்ணூற்று மூன்று வீதம் பொருத்தம். பெருமை தாங்காமல் அதை ஊர்க் குரூப்பில் போட்டுத் தொலைத்தான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கலந்தர் சந்தை வாசலில் கூட்டத்தின் கையில் அகப்பட்டார். றிபாஸ் ஓடிப்போனபோது அவர் வாயெல்லாம் இரத்தம். றிபாஸ் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் இரும்புக்கடை அப்ராஸ் கம்பியால் அவர் முழங்காலில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அல்லாஹ்வுக்காக உடுங்க வாப்பா, நான் இல்ல!"

றிபாஸ் கூட்டத்துக்குள் புகுந்தான். தன்னால் ஒரு மனிதன் சாகப்போகிறான். சுற்றிப் பார்த்தான். தொழுதுவிட்டு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே வெள்ளைத் தொப்பி, அதே தாடி. பாழாய்ப்போன தளம் முகத்தை எங்கே பார்த்தது? தொப்பியையும் தாடியையும் அல்லவா பார்த்திருக்கிறது!

"அடிக்காதங்க! தளம் பிழை! தொப்பி போட்ட ஆரைக் குடுத்தாலும் இவன்தான் எண்டு சொல்லும். இஞ்ச பாருங்க!"

தொப்பியும் தாடியுமாய்க் கம்பியோடு நின்ற அப்ராஸைப் போனில் படமெடுத்து, கமராப் படத்தோடு ஒப்பிடும்படி தளத்துக்குக் கொடுத்தான். தொண்ணூற்றாறு வீதம். போனை உயர்த்திக் காட்டினான்.

"பாத்தீங்களா? அப்ராஸ் காக்காவையும் சொல்லுது!"

கூட்டம் போனை எட்டிப் பார்த்தது. கலந்தரைப் பிடித்திருந்த கைகள் விட்டன. அப்பாடா என்று றிபாஸ் மூச்சுவிட்டான்.

"தொண்ணூத்தாறு!" என்று யாரோ ஒருவன் கத்தினான். "அப்ப இவன்தான்டா அவன்! அடுத்தவன அடிச்சித் தப்பப் பாத்திரிக்கான்!"

அப்ராஸின் கையிலிருந்த கம்பி பறிபோனது. முதல் அடி மண்டையில் விழுந்தது. தொப்பி சிவந்துபோனது. இரண்டாவது அடிக்கு அவன் மண்டியிட்டான். மிதிக்கும் கால்களுக்கு நடுவில் அவன் றிபாஸைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"தம்பி, நான் இல்லையெண்டு இவனுகளுக்குச் சொல்லுடா!"

றிபாஸ் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டேதான் இருந்தான்.