பச்சை அட்டைக்காரர்

போன வியாழக்கிழமை எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் கவிழ்ந்தது. நிஜ பஸ் இல்லை, ஒத்திகை பஸ். பெரிய விபத்து வந்தால் இவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று பார்க்க மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடிபட்டவர்களாக நடிக்கத் தெருக்காரர்கள் இருபது பேர். தலைசீவாமல் ஓடிவந்தவர்களும் உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.

ஆளுக்கொரு அட்டை கழுத்தில். சிவப்பென்றால் உயிர் ஊசலாடுகிறது, முதலில் பார்க்கணும். மஞ்சளுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை வெறும் சிராய்ப்பு, கடைசியில்தான். எங்கள் தெருத் தையல்காரருக்குக் கிடைத்தது பச்சை.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு சிராய்ப்புதானா?" என்று முனகிக்கொண்டே மரத்தடியில் போய்ப் படுத்தார்.

படுத்த இடத்தில் குளவிக்கூடு. கழுத்தில் இரண்டு கொட்டு. சற்று நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடித்தது.

"குளவி... குளவி..."

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். "பஸ் விபத்துல குளவி எங்கய்யா வந்தது? பச்சை அட்டை இவ்வளவு மூச்சு வாங்கக் கூடாது. குறைச்சுக்க."

பக்கத்தில் படுத்திருந்த சிவப்பு அட்டை டீச்சருக்கும் கோபம். "என் வேஷத்தையும் சேர்த்து இவரே நடிச்சா நான் எதுக்கு?"

சத்தம் கேட்டு ஓடிவந்தாள் நர்ஸ். தையல்காரர் அவளுக்கு அக்கா புருஷன். யூனிபாரத்தை இறுக்கித் தைத்துவிட்டாரென்று இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முகத்தைப் பார்த்ததுமே அட்டையைப் பிய்த்தெறிந்தாள்.

"மாமா, பேசாதீங்க. சார், இது நடிப்பில்ல! குளவி விஷம் ஒத்துக்கல. அட்ரினலின் போடணும், இப்பவே."

"உறவுக்காரர்னு வரிசையை மாத்தாதம்மா. பெரியவங்க பார்த்துக்கிட்டிருக்காங்க."

"பார்க்கட்டும். நல்லா பார்க்கட்டும்."

தட்டிலிருந்த ஊசிகளில் தண்ணீர்தான். நிஜ மருந்து கண்ணாடி அலமாரிக்குள். யார் வந்து எண்ணினாலும் ஒன்றுகூடக் குறையக் கூடாதென்று அதைப் பூட்டியே வைப்பது அங்கே வழக்கம். சாவி கண்காணிப்பாளரின் சட்டைப் பையில். சட்டை? அவர் வீட்டுக் கொடியில் காய்கிறது. எடுத்துவர அனுப்பிய ஆள் திரும்பி வரவில்லை. தையல்காரரின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

நர்ஸ் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரை எடுத்தாள். ஒரே போடு. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. தொடையில் ஊசி, முகத்தில் ஆக்சிஜன். சில நிமிஷத்தில் விசில் அடங்கியது. தையல்காரர் கண்ணைத் திறந்து, "கண்ணாடிய உடைச்சிட்டியா?" என்றார். நாற்காலிக்காரர்கள் மூவரும் எழுந்து கைதட்டினார்கள். பிரமாதமான ஒத்திகையாம்!

கண்காணிப்பாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். ஓரம் என்றாலும் எனக்குக் கேட்டது. "இதையும் ஒத்திகைன்னே எழுதிடு. நாலு நிமிஷத்துல காப்பாத்தினோம்னு போடு. இல்லேன்னா அரசாங்கச் சொத்தை உடைச்சதுக்கு மெமோ, மாற்றல். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவ?"

அவள் பதிவேட்டைத் திறந்தாள். எழுதினாள். எழுதியதை நாற்காலிக்காரர்களுக்கு எதிரே நின்று சத்தமாகவும் படித்தாள்.

"குளவி கொட்டினது பத்து இருபது. ஊசி போட்டது பத்து முப்பத்தொண்ணு. தாமதத்துக்குக் காரணம், மருந்து அலமாரி பூட்டியிருந்தது, சாவி ஆஸ்பத்திரியில இல்ல. இவர் ஒத்திகை நோயாளி இல்ல."

கைதட்டியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூவரில் மூத்த அம்மாள் கேட்டாள், "நீங்களே உடைச்சதா எழுதியிருக்கீங்களா?"

"கடைசி வரி அதுதாம்மா. கையெழுத்தும் போட்டிருக்கேன்."

திங்கட்கிழமை மெமோ வந்தது. பதிலாக அந்தப் பக்கத்தின் நகலையே அனுப்பினாள். மாற்றல் வருமென்று தெருவே சொல்கிறது. அவள் பெட்டி கட்டவும் இல்லை, யாரையும் போய்ப் பார்க்கவும் இல்லை. நேற்றுப் புதுக் கண்ணாடியும் பூட்டுமாக ஆசாரி வந்தபோது கதவை மறித்து நின்றாள்.

"கண்ணாடியப் போடுங்கண்ணே. பூட்டு வேணும்னா, பூட்டச் சொல்றவரு அவர் கையாலயே எழுதித் தரட்டும்."

ஆசாரி கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். உள்ளே ரொம்ப நேரம் பேச்சு. வெளியே வந்தபோது கையில் காகிதம் எதுவும் இல்லை. கண்ணாடியை மட்டும் மாட்டிவிட்டுப் போனார்.