ஓட்டம் குறைந்த கம்பெனி

"ஓடுற கம்பெனிய மட்டும் வெச்சிக்கினா, நின்னுபோனத யாருப்பா பாத்துப்பாங்க?" என்று ஷாலின் ஒருமுறை கேட்டாள். விலை ஏறும் சின்னக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி, ஏற்றம் குறைந்ததும் விற்றுவிடும் மொமென்டம் இ.டி.எஃப். என்ற பங்கு நிதி ஒன்றில், பென்சன் என்ற பெயருள்ள அவள் அப்பா பணம் போட்டுவந்தார். மகளின் கேள்வி குடைந்ததால், இம்முறை அதிலிருந்து எந்தக் கம்பெனிகள் வெளியேறின என்று தேடிப்பார்த்தார். ஒரகடத்தில் நண்பர் நிலவன் வேலை செய்யும் கம்பெனியும் வெளியேறியிருந்தது.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் அவரிடமே விசாரித்தார்.

"ஓவர்டைம் இல்ல மச்சான். பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீசே கட்டல. இன்னா, நீ கம்பெனிய வாங்கப்போறியா?" என்று நிலவன் சிரித்தார்.

பென்சன் வேலையில்லாமல் இருந்தபோது அவர் வீட்டு வாடகையைக் கொடுத்தவர் நிலவன். திருப்பித் தந்தபோது வாங்க மறுத்தவர்.

அன்றிரவு பென்சன் அந்த நிதியில் தன்னிடமிருந்த சில யூனிட்டுகளை விற்க ஆர்டர் போட்டுவைத்தார். பணம் வந்ததும் பள்ளியின் இணையதளத்தில் அந்தப் பிள்ளையின் ஃபீஸைக் கட்டினார். கட்டுபவர் பெயர் கேட்ட இடத்தில் நிலவன் என்று எழுதிவிட்டு, ஜெபிக்கப் போனார்.