மூன்று நாள் பாராட்டு

போடியில் எனக்கு ஏலக்காய்க் கிட்டங்கி இருக்கிறது. பதினொரு பெண்கள் காய் தரம் பிரிப்பார்கள், நான் வைவேன். நாற்பது வருடமாக இதுதான் நிர்வாகம். நான் சத்தம் போட்டால் மலைக்கு மேலே போடிமெட்டில் லாரிகள் தாமாக நின்றுவிடும். இரண்டு டிரைவர்கள் நேரில் வந்து புகார் சொல்லியிருக்கிறார்கள்.

மருமகன் ஜெபகுமாருக்கு இது பிடிக்கவில்லை. மதுரையில் ஏதோ தலைமைப் பண்பு வகுப்பாம், அதில் என்னைக் கொண்டுபோய்த் தள்ளினான். தொழிலாளியைத் தினமும் பாராட்டுங்கள், இருபத்தோரு நாளில் பழக்கமாகிவிடும் என்றான் கோட்டு போட்ட ஒருவன். அவன் முகமே எனக்கு ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள், இருப்பவர்களில் மூத்தவளான ராமுத்தாயிடம், "சுத்தமாப் பிரிச்சிருக்க ஆத்தா" என்றேன். பதினொரு முறமும் அப்படியே நின்றன. இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாள் எல்லோரையும் சேர்த்துப் பாராட்டினேன். நான்காம் நாள் கிட்டங்கியில் முறங்கள் மட்டும் இருந்தன. பதினொரு பேரும் அடுத்த தெருவில் மகாராஜனின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எனக்கு முப்பது வருட விரோதி. சனிக்கிழமைக்குள் லோடு ஏறாவிட்டால் என் பெரிய வியாபாரியும் அங்கேதான் போவார்.

தப்பு என்னுடையதுதான். எங்கள் தொழிலில் வாங்க நினைப்பவன் காயை அள்ளிப் பார்த்து, சொத்தை, நிறமில்லை என்று உதட்டைப் பிதுக்குவான். அருமையான காய் என்று சொல்கிறவன் வாங்காமல் நடையைக் கட்டுவான். மெச்சினால் வேண்டாம் என்று அர்த்தம். மூன்று நாள் பாராட்டியதில், நான் கிட்டங்கியை மூடப்போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மகாராஜன் கடை வாசலில் நின்று விளக்கினேன். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். ராமுத்தாய் நிமிரவில்லை.

"மூடலைன்னா எதுக்கு மெச்சுனீக?"

"பழக்கத்தை மாத்தச் சொன்னாக."

இப்போதுதான் நிமிர்ந்தாள். "அப்ப நாப்பது வருசமா வஞ்சதும் வெறும் பழக்கந்தானா? எங்க சோலியில குத்தம் கண்டு வையலையா?"

ஆமாம், வெறும் பழக்கந்தான் என்று சொல்லித் தொலைத்தேன். பதினொரு பேரும் எழுந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கினேன்.

"லோடு ஏத்தித் தர்றோம். ஆனா நீங்க கிட்டங்கி வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டுனா இங்கிட்டே வந்துருவோம்" என்றாள் ராமுத்தாய்.

லோடு வெள்ளிக்கிழமையே ஏறியது. ஐந்து மாதமாகத் தெருவில்தான் என் நாற்காலி. உள்ளே வேலை முன்பைவிட வெரசாக நடக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. நேற்று நல்ல மழை. ராமுத்தாய் ஜன்னல் கம்பி வழியே ஒரு குடையை நீட்டினாள். வாங்கியதும் ஜன்னலையும் சாத்திவிட்டாள்.