எதிரடியில் கடல்

இப்போதெல்லாம் எவனையாவது ஒன்று கேட்டால் மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. போனைத் தேய்த்து, அது சொல்வதை வாசித்துக் காட்டுகிறான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வாசித்துக் காட்டுவதையெல்லாம் நம்புகிற பழக்கம் எனக்கில்லை.

பென்னலூரில் என் வீட்டு மாடியில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற தெற்கத்திப் பிள்ளைகள். போர் வற்றி ஒன்பது நாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் வராவிட்டால் காலி செய்கிறோம் என்று அதில் மூத்தவள் பாண்டிச்செல்வி நேராகவே சொல்லிவிட்டாள். அவர்கள் போனால் அந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

சனிக்கிழமை காலை போர் லாரி வந்தது. எண்ணூறு அடி இறங்கியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது.

"இன்னும் எரநூறு போலாமா பெர்சு?" என்றான் லாரிக்கார வெங்கடேசன்.

"போனா வருமாடா?"

"ஆழம் போனாத்தானே வரும்."

துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற பாண்டிச்செல்வி சிரித்தாள்.

"தாத்தா, நேரா போயிக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் கடல்லதான் போயி முட்டும். உலக உருண்டையில நமக்கு நேர் எதிர இருக்குத இடம். எதிரடின்னு பேரு. நம்ம உள்ளங்காலும் அங்க நிக்கவன் உள்ளங்காலும் நேருக்கு நேரா இருக்குமாம்."

போனை நீட்டினாள். முழுக்க நீலம்.

"கடல்னா அங்க எவன் நிக்கிறான்? எவன் காலப் பாத்து இந்தப் பேர வெச்சான்?"

"கப்பல்ல எவனாச்சும் போவாம்லா."

"தலைகீழாவா?"

"அவனுக்கு நாமதான் தலைகீழு."

நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எம்மாந்தூரம்?"

"பன்னெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டரு."

"நாம எறங்கினது?"

"கால் கிலோமீட்டரு."

வெங்கடேசனைப் பார்த்தேன். "இன்னாடா, இத்தப் போய் ஆழம்ன்ற? இன்னும் எரநூறுல வரும்னு எத்த வெச்சு சொல்ற?"

"ஒரு நம்பிக்கதான் பெர்சு."

"நிறுத்து. மிஷினத் தூக்கு."

பாண்டிச்செல்வியின் முகம் விழுந்தது. "அப்ப நாங்க காலி பண்ணணுமா தாத்தா?"

"யாரு சொன்னது? தெனம் நீ ஷிப்டுக்குக் கெளம்பறதுக்குள்ள தண்ணி லாரி வந்து நிக்கும். நிக்கலன்னா போ."

"நின்னா இருக்கோம்."

தண்ணீர் லாரிக்காரனைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தேன். நடுவில் ஒருமுறை நின்று தரையை மிதித்துப் பார்த்தேன். அந்தக் கோடியில் அவ்வளவு பெரிய கடலாம், இந்தக் கோடியில் ஒரு சொட்டு ஈரமில்லையாம். யாரிடம் கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே மேலே நடந்தேன்.