கிணற்றிலிருந்து ஏரி வரைக்கும்

என் மகள் சிஃபா சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தர்மச் சொத்துச் சட்டங்களைத் திருத்துவதற்கு ஒரு குழுவாம். எந்த நாட்டில், எந்த மதத்தில் என்ன விதி என்று ஒப்பிட்டு எழுதும் வேலை அவளுடையது. எழுதட்டும், எனக்கென்ன? என் கவலையெல்லாம், மறுநாள் பொன்னேரி கோர்ட்டில் நான் சொல்ல வேண்டிய சாட்சி.

என் பாட்டனார் பழவேற்காட்டில் ஜமாஅத்தார் முன்னால் நின்று, "இந்தக் கிணத்துல இருந்து ஏரி வரைக்கும் அல்லாவுக்கு. விதவைங்க இருந்துக்கட்டும்" என்று வாயால் சொன்னார். அவ்வளவுதான் பத்திரம். அங்கே கட்டிய வீட்டில் இன்றைக்கும் பீவி ஜானும் இன்னும் சில விதவைகளும் இருக்கிறார்கள். அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி நான். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வருகிறதென்று தரகர்கள் சுற்ற ஆரம்பித்ததும், என் தங்கை மகன் யாசர் கேஸ் போட்டான். எழுத்து இல்லையாம், அதனால் குடும்பச் சொத்தாம், பங்கு வேண்டுமாம். கொழுப்பு!

"வாயால சொன்னது செல்லாதா? உன் பொஸ்தகத்துல இன்னா போட்டுக்குது?" என்று சிஃபாவிடம் எரிந்து விழுந்தேன்.

"இங்கிலாந்துல நெலம்னா எழுத்து வேணும் வாப்பா. இங்க ட்ரஸ்ட் சட்டத்துல எழுதி ரிஜிஸ்டரும் பண்ணணும். கோயிலுக்கு உடுறதுக்கு எழுத்து கட்டாயமில்ல. அல்லாவுக்குன்னு உடுற நம்ம வக்ஃபுக்கும் சொல்லு போதும்."

"பின்ன இன்னா பேஜாரு?"

"சொன்னாருன்னு நிரூபிக்கணுமே! சின்ன வயசுல கூட நின்னு கேட்ட உங்களத் தவிர யாரும் உயிரோட இல்ல. நீங்க சொல்றதுதான் நிக்கணும். அதனாலதான் இனிமேலாவது எழுதி வெக்கணும்னு குழுவுக்கு எழுதிக்கினு இருக்கேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "முழுசா சொல்வீங்களா?"

அவள் கேட்டது புரிந்தது. கிணற்றுக்கும் ஏரிக்கும் நடுவில்தான் எங்கள் வீடும் நிற்கிறது. சொத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள என் வாப்பா கட்டியது. முத்தவல்லி வீடு என்று ஊரே சொல்லும், ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை. கிணற்றிலிருந்து என்றால் அதுவும் விதவைகளுக்குப் போகும். சிஃபாவுக்கென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வீட்டைத் தாண்டி இருக்கும் தோப்பிலிருந்து என்று சொன்னால் வீடு தப்பும். ஆனால் எல்லை யாசருக்கும் தெரியும். பொய் சாட்சி என்று அவன் வக்கீல் கிழித்துவிட்டால் விதவைகள் தெருவுக்கு வருவார்கள்.

காலையில் பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி ஜபீனுக்குப் பக்கத்தில் பீவி ஜான் உட்கார்ந்திருந்தார். கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். "நாஷ்டா துன்னியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அடச்சே, அதுதான் என்னைக் கொன்றது.

கூண்டில் ஏறினேன். "எங்கருந்து எங்க வரைக்கும்னு உங்க பாட்டனார் சொன்னாரு?" என்றார் யாசரின் வக்கீல்.

"கிணத்துல இருந்து..." பீவி ஜானைப் பார்த்தேன். "ஏரி வரைக்கும்."

"அப்ப உங்க வீடு?"

"அதுவும்தான்யா!" என்று கத்திவிட்டேன். மெதுவாகப் பேசும்படி ஜட்ஜ் சொன்னார். வக்கீல் யாசரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சிஃபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஜபீனு எங்ககூட வந்து இருக்கட்டும், ரூமு இருக்குது" என்றார் பீவி ஜான்.

"அது எப்படிக்கா? விதவைங்க வீடாச்சே, அங்க இருக்கணும்னா மொதல்ல இவரு மௌத்தாவணுமே!" என்றாள் ஜபீன்.

பீவி ஜான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிஃபாவும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நான் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு, ஊரில் யார் வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.