மிஸ்டர் ஆன டாக்டர்

தலைமை அறுவை மருத்துவராக வார்டுக்குள் நுழைந்த முதல் நாளே, ஆர்மிஸ்டெட் தண்ணீர் ஜக்கைத் தட்டி நோயாளியின் படுக்கையில் கவிழ்த்துவிட்டார்.

“பரவால்லப்பா, டாக்டர் வர்றதுக்குள்ள துடைச்சிரு” என்றார் படுக்கையில் கிடந்த மிஸஸ் கிளெக்.

“நான்தாங்க உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போறவன். மிஸ்டர் ஆர்மிஸ்டெட்.”

“மிஸ்டரா? எனக்கு டாக்டர் வேணும் தம்பி!”

அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் மாய்ந்து மாய்ந்து படித்து டாக்டராகி, அறுவை மருத்துவத்தில் தேறியதும் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு மறுபடி வெறும் மிஸ்டராகிவிட வேண்டும். இதற்குள் ஆர்மிஸ்டெட்டுக்குத் தலைமுடியும் பாதி போயிருந்தது.

மிஸஸ் கிளெக்கின் பித்தப்பை மோசமாக வீங்கியிருந்தது. இன்றே எடுப்பதா, மருந்து கொடுத்து ஆறவிடுவதா? இதுவரை முடிவெடுக்க மேலே ஆள் இருந்தது. இனி இவர்தான் அந்த மேல் ஆள்.

ஸ்கேன் படத்தோடு மிஸ் டாட்டர்சாலின் அறைக்கு ஓடினார். மூத்த அறுவை மருத்துவரான அவரிடம்தான் இவர் இத்தனை வருஷம் பயிற்சி பெற்றிருந்தார். எதைக் கேட்டாலும், “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்பாரே தவிர, ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

“மேடம், இன்னைக்கே எடுக்கலாமா? நான் என்ன நினைக்கிறேன்னு மட்டும் கேட்டுராதீங்க.”

மிஸ் டாட்டர்சால் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

“அது பயிற்சியில இருக்கறவங்ககிட்ட கேக்கறது. கூட வேலை பாக்கறவர் கேட்டா பதில் சொல்லணும்ல? இன்னைக்கே எடுத்துருங்க, மிஸ்டர் ஆர்மிஸ்டெட்.”