முதுகு காட்டிய சிப்பாய்கள்

முதலில் திரும்பி நின்றவன் கொம்பு ஊதுபவனா, மண்டியிட்டுச் சுடுபவனா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மற்றதில் சந்தேகம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் மனிதர் தன் பிளாஸ்டிக் சிப்பாய்களை நேர் எதிரே நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேசையில் முகம், படத்தில் முதுகு. அந்த வருடம் மழை குறைவு. எங்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள்.

வில்லைக்காரர் பழைய பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பவர். விரல் நீளம் இருப்பார்கள், பச்சையிலும் பழுப்பிலும். பழைய சாமான் கடைகளிலும், வீடு மாற்றுகிறவர்கள் வாசலில் விட்டுப்போகும் அட்டைப்பெட்டிகளிலும் தேடி எடுப்பார். பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, சாப்பாட்டு மேசையில் மணல் பரப்பி நிறுத்தி, கேமராவைச் சிப்பாயின் கண்மட்டத்துக்கு இறக்கி, கன்னத்தை மேசையில் ஒட்டவைத்துப் பார்ப்பார். ஜன்னல் வெளிச்சம் தோதாக விழும்வரை நாள்கணக்கில் காத்திருப்பார். படம் முடியும்வரை மேசையை யாரும் தொடக்கூடாது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே சட்டம். ஒரு படம் முடிந்தால் அடுத்தது தொடங்கிவிடும். ஆகவே அவர் மனைவி கல்யாணமான புதிதிலிருந்தே சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார். ஒரே ஒரு தடவை கால் வலிக்கிறது என்றார். “செருப்ப மாத்திப் பாரு” என்றார் வில்லைக்காரர், ஒரு கண்ணை மூடிக்கொண்டே. பிறகு ஒரு மத்தியானம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மனைவி பையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போனார். அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அது வில்லைக்காரருக்கும் தெரியும். மனைவி திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனாலும் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே வருடங்கள் ஓடின.

அதன் பிறகுதான் சிப்பாய்கள் திரும்பினார்கள். கேமராவைப் பழுது பார்ப்பவர் பிரித்து மாட்டிப் பார்த்தார். அது பேருந்தையும் பூனையையும் ஒழுங்காகத்தான் எடுத்தது. இன்னொரு பொம்மைச் சேகரிப்பாளர் இருந்தார், பேருந்து நடத்துநர், எல்லோரும் அவரைக் கர்னல் என்போம். அவர் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, “முதுகு காட்டி ஓடுறவனுக்கெல்லாம் படம் எடுத்து மாட்டுற தளபதி உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், “எல்லாப் பயலும் ஒரே பக்கம்தான் பாக்குறான். அங்க என்னய்யா இருக்கு?” என்றார். சமையலறை என்றார் வில்லைக்காரர். “அங்க யாரு இருக்கா?” வில்லைக்காரர் படங்களை வாரி உறைக்குள் போட்டார்.

பிளாஸ்டிக்தான் முறுக்கிக்கொண்டது என்று முடிவு செய்தார். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் போட்டு இளக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி இறுகவைப்பது பொம்மை சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. அவர் படையையே வெந்நீரில் போட்டார். ஒவ்வொருவனையும் இடுப்பில் பிடித்துக் கேமரா பக்கம் திருகினார். மறுநாள் எடுத்த படத்தில் யாருமே இல்லை. மணல்மேல் அவர்கள் நின்ற அடித்தட்டுகள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு பூட்ஸ் தடம். மேசையிலோ பொம்மைகள் எப்போதும்போல நின்றன.

சில நாள் கழித்து மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னங்க, ஆள விட்டு வேவு பாக்குறீங்களா?” அக்கா மகள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டாரைப் படம் எடுத்திருக்கிறாள். படத்தில் மனைவியின் தட்டைச் சுற்றிலும், நாற்காலியின் கைப்பிடியிலும், தண்ணீர்க் குவளையின் விளிம்பிலும் சிப்பாய்கள். “பட்டாளமே வந்து நிக்குது. ஒருத்தனாவது வாயத் திறக்குறானா? அப்படியே உங்கள உரிச்சு வச்ச மாதிரி. வந்து கூட்டிட்டுப் போங்க.”

வில்லைக்காரர் பொம்மைகளைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்து, மேசையைத் துடைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். “வாங்க தம்பி, இங்க ஒரு பாலம் இருக்கறது இப்பதான் தெரிஞ்சுதா?” என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். சாப்பிட உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து சாப்பிடும்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார் என்பது வில்லைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

“மேசையக் காலி பண்ணிட்டேன்” என்றார் கடைசியில். “வீட்டுக்கு வர்றியா?”

மனைவி கை கழுவி வந்து, ஈரத்தைத் துடைத்து, மறுபடி உட்கார்ந்தார். “அன்னைக்கு நான் பாலத்தத் தாண்டறதுக்குள்ள இதக் கேட்டிருந்தா திரும்பியிருப்பேன். இப்ப இவங்கள விட்டுட்டு எப்படிங்க வர்றது? நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தன்கூட வேற பக்கம் பாக்கறதில்ல.”

“நீ வந்தா அவங்களும் வருவாங்க.”

“வருவாங்க. வந்து மறுபடி உங்க மேசைமேல ஏறி நிப்பாங்க.” பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: “உங்க ஆளுங்க எல்லாரும் வந்தாங்க. நீங்கதான் வரல.”

வில்லைக்காரர் கடைசிப் பேருந்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

அக்கா இறந்துவிட்டார், வீடு மகளுக்குப் போனது. மனைவி அங்கேயேதான் இருக்கிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது படத்தில் அவர் தோளருகே கொம்பு ஊதுபவன் விழுந்தான். பொம்மையை எடுக்கச் சொல்லி எழுத்தர் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வரிசை நீண்டுகொண்டே போனதால் முத்திரை குத்திக் கொடுத்தார். கர்னல் ஓய்வு பெற்றுப் பொம்மைகளை விற்றுவிட்டார். வில்லைகள் தயாராகவே வந்து இறங்கத் தொடங்கியதும் கண்ணாடிக் கடை மூடப்பட்டது. வில்லைக்காரர் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். அவரை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. ஆகவே பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்பது எங்களுக்குத் தெரியாது.